ஓர் ஆள்கூடக் குறையாமல்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அப்பா,

கல் தயாராகிவிட்டது. மேட்டர் மட்டும் பாக்கி.

கல்பட்டறைக்காரர் அப்படித்தான் சொல்கிறார். கல்லில் பொறிக்க வேண்டிய வாசகம் அவருக்கு மேட்டர். தினமும் போன் செய்கிறார். "மேட்டர ஃபைனல் பண்ணிக் குடுங்க மேடம். கல்லறைத் திருநாள் நெருங்குது. ஆவூருக்கு மட்டுமே ஏகப்பட்ட கல்லு நிக்குது எனக்கு." நான் இன்று, நாளை என்கிறேன். அவர் விடுவதாயில்லை. "ஒண்ணும் தோணலைன்னா 'இயேசுவில் துயில்கிறார்'னு போட்ருவமா? எல்லாரும் அதான் போடுறாங்க."

உங்கள் பெயரும் தேதிகளும் கல்லில் ஏறிவிட்டன. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த வரியைச் சூசை மாமா எப்போதோ சொல்லிவிட்டார். உங்களோடு ஒரே கம்பெனியில் இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்று, உங்கள் பெட்டிக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்த அதே சூசை மாமா. அவர் சொன்ன வரி இது:

"போர்முனையிலிருந்து ஓர் ஆள்கூடக் குறையாமல் மீண்டு வந்த படையின் வீரர்."

நான் அதை இன்னும் பட்டறைக்கு அனுப்பவில்லை.

அம்மாவுக்கு என்மேல் வருத்தம். நேராகப் பேசுவதில்லை. கோழிகளிடம் பேசுகிறாள். "கல்லுல ஒரு வரி எழுத ஆராய்ச்சி பண்ணுது பாரு இந்தப் பிள்ளை. படிக்க வச்ச மனுசன் பாட்டுக்குப் போய்ச் சேந்துட்டாரு. நான்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்." கோழிகள் இரை பொறுக்குகின்றன. அவற்றுக்கு இதில் கருத்து இல்லை.

ஆராய்ச்சிதான், அப்பா. வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? நீங்கள் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் போன மாதம் வரைக்கும் எனக்குத் தெரிந்தது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். நம் படை கடல் தாண்டி இலங்கைக்குப் போனது. நீங்களும் போனீர்கள். வடக்கே ஒரு கரையோர ஊரில், மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் உங்கள் முகாம். கம்பெனியில் தமிழ் தெரிந்தவர்கள் நீங்களும் சூசை மாமாவும்தான். சண்டை நீண்டது. பிறகு ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. சுற்றிலும் துப்பாக்கிகள் இருந்தன. ஒரு விடியற்காலையில் படகுகள் வந்தன. காயம்பட்டவர்களையும் தூக்கிக்கொண்டு மொத்தக் கம்பெனியும் கரையை விட்டது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

அவ்வளவுதான். இதுவும் சூசை மாமா சொன்னது.

உங்களிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்திருந்தார்கள். "உங்கப்பா தோத்துட்டு ஓடியாந்த பட்டாளம்தான?" நீங்கள் ஓட்டிய பள்ளி வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா, நீங்க தோத்துட்டு வந்தீங்களா, ஜெயிச்சுட்டு வந்தீங்களா?"

"திரும்பி வந்தேன்" என்றீர்கள். நட்டை இறுக்கினீர்கள்.

அந்தப் பதிலை ரொம்ப நாள் நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் தோழிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. அது பதில் இல்லை. கதவைச் சாத்துகிற சத்தம்.

வீட்டிலும் நீங்கள் அப்படித்தான். கிளம்பும்போது சொல்ல மாட்டீர்கள். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கும், அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் படலைத் தாண்டியிருப்பீர்கள். "போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்க முத்தா கொட்டிரும்?" என்று அம்மா தெருவைப் பார்த்துக் கத்துவாள். கல்யாண வீடுகளில் உங்களால் எங்களுக்கு மானக்கேடு. சாப்பிட்டுக் கை கழுவிய ஆள் காணாமல் போயிருப்பார். நாங்கள் நின்று எல்லோரிடமும் உங்களுக்கும் சேர்த்து விடைபெறுவோம். மிலிட்டரிக்காரர் அப்படித்தான் என்பார்கள். நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

அப்பா, உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எந்தப் படம் போட்டோம் தெரியுமா? சீருடையில் இருக்கிற படம். உங்களைத் தனியாக எடுத்த படம் வேறு சரியாகக் கிடைக்கவில்லை. வாக்காளர் அட்டையில் திருடன் மாதிரி இருந்தீர்கள். அதனால் அந்த இளவயதுப் படத்தையே கொடுத்தோம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு சுவரில் மீசை முறுக்கிய இளைஞனாக நின்றீர்கள். பார்த்தவர்கள், பாவம், சின்ன வயசு என்று சொல்லிப் போயிருப்பார்கள்.

ஒருத்தி மட்டும் அடையாளம் கண்டுகொண்டாள்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் வீட்டுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். இருப்பது ஊருக்குத் தெற்கே, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாமில். பெயர் யோகராணி. போஸ்டரில் போட்டிருந்த ஆவூர் என்ற பெயரை வைத்து, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள்.

அம்மா காபி கொடுத்தாள். ஏதோ உதவி கேட்டு வந்திருப்பதாக நினைத்தாள். யோகராணி அக்கா காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் மாலை போட்டிருந்த உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவர் எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில இருந்தவர். அந்தோணி அண்ணை எண்டுதான் எங்கட அண்ணன் கூப்பிடுவான்."

அவளுடைய அண்ணன் தவராசா. உங்கள் பள்ளிக்கூட முகாமின் கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைச் சைக்கிளில் கேன்களைக் கட்டித் தினமும் கொண்டுவந்தவன் அவன். உங்களோடு கிரிக்கெட் பேசியவன். நீங்கள் அவனுக்கு ஒரு கம்பளிப் பனியன் கொடுத்தீர்களாம். வெயில் கொளுத்துகிற ஊரில் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தானாம். இது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

பிறகு அவள் கேட்டாள்.

நீங்கள் எல்லோரும் போன அன்று காலையிலும் தவராசா தண்ணீர் கொண்டுவந்திருக்கிறான். திரும்பி வந்து வீட்டில் சொன்னானாம், அந்தோணி அண்ணை போயிட்டு வாறம் எண்டு சொன்னவர் என்று. மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் காலி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. முகாமோடு பழகியவர்கள் வீட்டில் எல்லாம் பயம் வந்துவிட்டது. மீன்பிடிப் படகுகளில் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். யோகராணியின் அம்மாவும் மூட்டை கட்டினாள். தவராசா வர மறுத்தான்.

"ரெண்டு நாள் பாப்பம், அவையள் வருவினம் எண்டு நிண்டவன். அடுத்த நாளும் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி கொண்டுபோய் வச்சவன், அக்கா. ஆருமில்லாத பள்ளிக்கூடத்துக்கு! அதுக்கடுத்த நாளும். பிறகு அவனைக் கொண்டுபோட்டினம்."

"கொன்னுட்டாங்களா? யாரு?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. முகத்தை மூடிக்கொண்டு வந்தவை."

என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவள் என்னை அக்கா என்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. துணிக்கடைப் பழக்கம்.

"அம்மா இண்டைக்கும் அவனைத் திட்டுவா. மடையன், மடையன் எண்டு. போயிட்டு வாறம் எண்டு ஆரும் மரியாதைக்குச் சொல்லுறதுதானே? அதைப் போய் வாக்கு எண்டு நினைச்சவனே எண்டு. செத்த பிள்ளைக்காக அழாமல் திட்டிக்கொண்டிருக்கிற தாயைக் கண்டிருக்கிறீங்களோ? எனக்கு ஒண்டு மட்டும் தெரியோணும். உங்கட அப்பா அதை வாய்ப்பழக்கத்தில சொன்னவரோ, இல்லை நினைச்சுச் சொன்னவரோ? என்ர அண்ணன் மடையனோ, இல்லையோ?"

அவள் கேட்டது அவ்வளவுதான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அழவில்லை. காபி ஆறிப்போயிருந்தது. அம்மா வேறு போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று எழுந்தாள். வாசலில் நின்று, "போயிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

நான் சுவரில் இருந்த உங்களைப் பார்த்தேன். நீங்கள் மீசை முறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

சொல்லுங்கள் அப்பா, இனி அந்த வரியை நான் எப்படிப் பட்டறைக்கு அனுப்புவது?

இந்தப் பாடத்தை நான் கல்லூரியில் நடத்துகிறேன் என்பதுதான் வேடிக்கை. பின்வாங்குவது வேறு, தோற்பது வேறு என்று வகுப்பில் சொல்கிறேன். போரில் கடினமான வேலை முன்னேறுவது இல்லை, ஒழுங்காகத் திரும்புவது என்கிறேன். ஒரு படை வெளியேறியது வெற்றியா தோல்வியா என்று பார்க்க மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். எதற்காக வெளியேறியது? எத்தனை பேரோடு வந்து சேர்ந்தது? வந்த பிறகு மறுபடி நிற்க முடிந்ததா? பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். பத்து மதிப்பெண் வினா.

உங்கள் கம்பெனியை அந்தக் கேள்விகளில் வைத்துப் பார்த்தேன். முழு மதிப்பெண். எங்கேயும் குறைக்க முடியவில்லை.

தவராசாவை வைக்க அதில் இடமே இல்லை. அவன் சிப்பாய் இல்லை. எதிரி இல்லை. உயிர்ச்சேதக் கணக்கில் வர மாட்டான், ஏனென்றால் வெளியேறும்போது அவன் உயிரோடு இருந்தான். சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். இதைக் கற்பித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

சூசை மாமாவைத் தேடி அவர் கொல்லைக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு இன்னும் மடை திருப்புகிறார்.

"வா ஆத்தா. கல்லு என்னாச்சு?"

"நிக்குது மாமா."

"நிக்காம, ஓடவா செய்யும்? நான் சொன்னத அனுப்ப ஒனக்கு என்ன வலிக்குது?"

"ஓர் ஆள்கூடக் குறையாமன்னு சொல்லிருக்கீங்க. எந்த ஆளு மாமா?"

"எங்க ஆளுதான். வேற எவன் ஆள எண்ணச் சொல்ற?"

நான் விடவில்லை. போனதே தப்பு என்று எல்லோரும் சொல்லும்போது, திரும்பி வந்ததை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வெற்றி என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். வகுப்பில் பேசுவது மாதிரிப் பேசிவிட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீடு பத்திக்கிட்டு எரியுது. உள்ள கெடந்தவன் புள்ளகுட்டியத் தூக்கிட்டு வெளிய ஓடியாந்து நிக்கிறான். அவன்ட்ட போயி, ஏன்டா கீத்துக் கூரை போட்டேன்னு கேப்பியா? கேக்குறதுன்னா கூரை போடச் சொன்னவன்ட்ட கேளு. அவன் டெல்லில இருக்கான். நாங்க போகச் சொன்னாப் போனோம், வாடான்னா வந்தோம். கூட வந்த ஒருத்தனையும் விட்டுட்டு வரல. அதுக்கு மேல பட்டாளத்தான்ட்ட என்னத்த எதிர்பாக்குற நீ?"

"ஊர்ச்சனம் கொஞ்சப் பேர ஏத்திட்டு வந்திருக்கலாம்ல?"

"எதுல? எங்களுக்கே எடம் பத்தல. காயம்பட்டவன மடியில வச்சுக்கிட்டு வந்தோம். ஒருத்தன ஏத்துனா ஊரே வந்து நிக்கும். ஊர் வந்தா சேதி தெரிஞ்சிரும். தெரிஞ்சா சுட்டுருப்பான். எல்லாரும் அங்கிட்டே கெடந்திருப்போம். நீ பொறந்திருக்கவே மாட்ட. இங்க வந்து என் தாலிய அறுத்துக்கிட்டும் நிக்க மாட்ட."

அவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை, அப்பா. அதுதான் ஆத்திரம். அவர் முட்டாள் இல்லை, பொய்யரும் இல்லை. எனக்கு எதிராக நின்றவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

கடைசியில் கேட்டேன். "தவராசான்னு ஒரு பையன் தண்ணி கொண்டாருவானாமே?"

மாமா போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வரும்போது அவர் முகம் வேறாக இருந்தது. வரப்பில் உட்கார்ந்தார்.

"அவன ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். யோகராணி வந்தது, காபி ஆறியது, கேட்ட கேள்வி, எல்லாம். பிறகு அவரும் சொன்னார்.

நாங்க கெளம்புறது ஊருக்குத் தெரியக் கூடாது, அதான் உத்தரவு என்றார். கடைசிப் படகு நகர்கிற வரைக்கும் முகாம் வழக்கம்போல இருக்கிற மாதிரியே தெரிய வேண்டும். அதனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள், வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் புகை தெரிய. கொடியில் துவைத்த துணிகள் அப்படியே தொங்கின. பின்பக்கமாகக் காயம்பட்டவர்களைக் கரைக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் சைக்கிள் மணி.

"வேண்டாம், திரும்பிப் போன்னா சந்தேகம் வரும். உள்ள விட்டாச்சு. பய மூட்டை முடிச்செல்லாம் பாத்துட்டான். 'என்ன அண்ணை, போறியளோ?'ன்னான். மேஜருக்கு வேர்த்துப்போச்சு. ஒங்கப்பன்ட்ட இந்தியில, இவன அனுப்புங்குறாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"ரோந்துக்குப் போறோம் தம்பி, போயிட்டு வாரோம்னாரு. சிரிச்சுக்கிட்டே. பய அப்பவும் நிக்கிறான். ஒடனே ஒங்கப்பன், 'நாளைக்கு ரெண்டு கேன் கூடக் கொண்டா, ஆளுக ஜாஸ்தி வாராங்க'ன்னாரு. அதுக்கப்பறந்தான் பய மொகம் தெளிஞ்சுச்சு. சரி அண்ணைன்னுட்டு மணிய அடிச்சுக்கிட்டே போனான்."

மாமாவே தொடர்ந்தார்.

"அருமையாச் சொன்னாரு ஆத்தா. நானே நம்பியிருப்பேன். நான் பக்கத்துல நின்னேன், எனக்கும் தமிழ் தெரியும், எனக்கு வாயே வரல. அந்த ரெண்டு கேன் யோசனை யாரும் சொல்லிக் குடுக்கல. ஒங்கப்பன் சொந்தச் சரக்கு. அதுலதான் நாங்கல்லாம் பொழச்சோம்."

ரெண்டு கேன்.

அப்பா, அடுத்த நாள் அவன் தண்ணீர் கொண்டுபோனது கிறுக்குத்தனம் இல்லை. நீங்கள் கேட்டீர்கள். அவன் கொண்டுபோனான்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். மாதா கோயிலைத் தாண்டும்போது வழக்கமாகக் கை நெற்றிக்குப் போகும். போகவில்லை. உங்களோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். எதிரே வந்த ஆடு மேய்க்கிறவர், போனில் யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.

எது உங்களுக்கு முன்னால் இருந்தது என்று எனக்குத் தெரிகிறது. ஒருபக்கம் காயம்பட்டவர்கள். கூட இருந்து சோறு தின்றவர்கள். இன்னொருபக்கம் ஒரு பொய், அதுவும் சின்னது. ஊரில் எல்லோரும் நாளெல்லாம் சொல்கிற வார்த்தை. யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் இப்போது எனக்கு ஒன்று புரிகிறது. உங்கள் வெளியேற்றம் வெற்றிதான். சந்தேகமே இல்லை. படகும் புகையும் கொடியில் தொங்கிய துணியும் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. கடைசி நிமிடத்தில் அது உங்கள் தமிழில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தியில் சொல்லியிருந்தால் தவராசா நம்பியிருக்க மாட்டான். அவன் வீட்டில் பேசுகிற மொழியில், அவன் மரியாதையென்று கேட்டு வளர்ந்த வார்த்தையில் நீங்கள் சொன்னதால் நம்பினான். அவன் நம்பிய அளவுக்கு நீங்கள் பிழைத்தீர்கள். அந்த வெற்றிக்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. அதைக் கல்லில் பொறிக்கவும் முடியவில்லை.

தோல்வி என்று சொன்னாலாவது யாராவது விசாரிப்பார்கள். யார் தவறு, யாரை விட்டு வந்தீர்கள் என்று கேட்பார்கள். வெற்றி என்றதும் எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். இத்தனை வருடம் தவராசாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு எல்லாம் நன்றாக முடிந்திருந்தது.

நான் நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. மாமா சொன்னதுதான். அந்தப் படகு கவிழ்ந்திருந்தால் நான் இல்லை. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளே அந்த வழக்கில் ஆதாயம் பெற்றவள்.

ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளைத் திருமயம் கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போவீர்களே, யோகராணி அக்கா இருக்கிற முகாமைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது வேனை நிறுத்திக் கேட்கத் தோன்றியதா? அவன் இறந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால், தெரிந்துகொள்ளாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டீர்கள்?

எதற்கும் நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் சொல்லவில்லை.

இதுவரை எழுதி வைத்துச் சில வாரங்களாகிவிட்டன. எழுதிய அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. கோழிகள் காலடியில் வந்து நின்றன. அவற்றைப் பார்க்காமல், இத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அதான் சொல்லிட்டுப் போகாமலே போனாரா அந்த மனுசன்?"

எனக்குத் தோன்றவே இல்லை, அப்பா. பல்கலைக்கழகம் வரைக்கும் படித்தவளுக்குத் தோன்றவில்லை. மாமா சொன்னபோதுகூடத் தோன்றவில்லை. உங்களோடு அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையில் சண்டை போட்டே வாழ்ந்தவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

"நான்வேற தெருவுக்கே கேக்குற மாதிரி திட்டிருக்கேன்" என்றாள். "அப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லிருந்தா என்னவாம்? நான் என்ன பேப்பர்லயா போட்ருப்பேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததும் கோபம் வந்துவிட்டது. "கல்லுக்காரன்ட்ட சொல்லிரு. பேரு இருக்குல்ல, அது போதும். சூசை அண்ணன்ட்ட நான் பேசிக்கிறேன்."

பட்டறைக்காரருக்கு வருத்தம். இடம் வெறுமையாக இருக்கிறதே மேடம், ஒரு பூவாவது போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

சூசை மாமா கோபித்துக்கொண்டார். இரண்டு பூசைகளுக்கு எங்கள் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் கோயில் வாசலில் என் பக்கத்தில் வந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அந்தப் பயலோட அம்மா இருக்காகளா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். "ம்" என்றார். போய்விட்டார்.

போன ஞாயிறு முகாமுக்குப் போனேன். வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளிக்கிற வாசம் நாலு வீட்டுக்குப் போகும். யோகராணி அக்கா வெளியே குழாயடியில் இருந்தாள். உள்ளே வரச் சொன்னாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்து சொல்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை.

"வாய்ப்பழக்கத்துல சொல்லலக்கா. நெனச்சுத்தான் சொன்னாங்க. பொய்னு தெரிஞ்சு சொன்னாங்க."

ரெண்டு கேன் பற்றிச் சொன்னபோது, "திருப்பிச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். உங்கள் வார்த்தைகளை அப்படியே, மாமா சொன்ன மாதிரியே.

"தண்ணி கேட்டவரோ?"

"கேட்டாங்க."

"நாளைக்கு எண்டு?"

"நாளைக்குன்னு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் அள்ளி முகத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தாள். அழுதிருந்தாள். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"உங்கட அப்பாவை நான் மன்னிக்கேல்லை. கோவிக்காதேங்கோ. அது வேற கதை. ஆனா என்ர அண்ணன் மடையன் இல்லை. கேட்டதுக்குத் தண்ணி கொண்டுபோனவன். அவ்வளவுதான்."

"ஆமாக்கா."

"இதை அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லோணும். நான் சொன்னா, அண்ணனுக்காகக் கதை கட்டுறன் எண்டுவா. மதுரைப் பக்கம் தங்கச்சி வீட்டை போயிருக்கிறா. வாற ஞாயிறு வந்திடுவா." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்டு. அம்மாவுக்குக் காது அறவே கேளாது. காதுக்கிட்டப் போய்க் கத்தோணும். நாங்கள் சோறு வேணுமோ எண்டு கேட்டாலே மற்ற லைனுக்குக் கேக்கும். உங்களுக்கு வெக்கமா இருக்குமோ?"

இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய். இருக்கும். வகுப்பில்கூட எனக்குச் சத்தம் வராது, உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் சொல்லப் போகிறேன், அப்பா. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. உங்களைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவனிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், ரோந்து, தண்ணீர், நாளைக்கு, எல்லாவற்றையும், அந்த அம்மாவின் காதில் கத்துவேன். அவளுக்குக் கேட்கவில்லையென்றால் மறுபடியும் கத்துவேன். உங்கள் பிள்ளை மடையன் இல்லை என்று கத்துவேன். அவனை நம்ப வைத்தார்கள் என்று கத்துவேன். சனங்கள் வாசலுக்கு வருவார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். யார் இந்தப் பெண், இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

அப்போது சொல்வேன், இதோ இங்கே எழுதுகிற மாதிரியே:

அந்தோணியின் மகள்,
அமலி
ஆவூர்